அப்பா பட்டனைப் பார்த்தார், நான் தேதியைப் பார்க்கிறேன்

போன மாதம் ஒரு நாள் காலை, ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாலு சுற்று முடித்துவிட்டு வழக்கமான சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் கொஞ்சம் கோபமாக இருந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எதிலும் கணக்குப் பார்ப்பவர்.

"சர்வீஸுக்கு விட்டா நாலு டயரையும் மாத்துன்னு சொல்றான் சார். வண்டி 2016ல வாங்கினது. இதுவரை ஓடினது பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர்தான். பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. ரிட்டயர்டு ஆளுன்னா ஏமாத்தலாம்னு நினைக்கிறானுங்க."

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதனால் அவர் மேல் எனக்குக் கோபமோ சிரிப்போ வரவில்லை. "நாளைக்கு நானும் உங்ககூட டயர் கடைக்கு வர்றேன் சார்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் பீரோவின் மேல்தட்டில் இருந்த அப்பாவின் கார் நோட்டை எடுத்துத் தூசி தட்டினேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து தொடங்குகிறது.

அப்பாவுக்குத் தெற்கு மாசி வீதியில் சின்ன ஜவுளிக்கடை. 1969ல் ஒரு டாக்டரிடமிருந்து பழைய ஃபியட் 1100 காரை வாங்கினார். பழுப்பு அட்டை போட்ட அந்த நோட்டில் பெட்ரோல், ஆயில், பஞ்சர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. டயருக்கு மட்டும் கடைசிப் பக்கங்களைத் தனியாக ஒதுக்கியிருந்தார். மேலே பெரிய எழுத்தில் சைஸ்: 5.20 - 14. கீழே எந்த டயர் எந்தச் சக்கரத்தில், எந்தத் தேதியில் மாட்டியது, மீட்டர் எவ்வளவு, எப்போது ரீட்ரேடுக்குப் போனது என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு டயருக்கும் ஒரு நம்பரும் கொடுத்திருந்தார். வீட்டில் எங்கள் பிறந்த தேதிகளைக் கூட அவ்வளவு ஒழுங்காக எழுதி வைக்கவில்லை.

காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு புது கார் டயரின் விலை, எங்கள் கடைச் சிப்பந்தி ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். பணம் இருந்தாலும் கேட்ட சைஸ் உடனே கிடைக்காது. "வந்தா சொல்லி அனுப்புறேன் செட்டியாரே" என்று கடைக்காரர் சொல்வார். அப்பா செட்டியார் இல்லை. ஜவுளிக்கடை வைத்திருந்தால் அவருக்கு எல்லோரும் செட்டியார்தான்.

அப்பாவின் டயர் பக்தி அவருடைய இளமைக் காலத்து யுத்தத்தில் தொடங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலேயா அதற்கு முன்பே போய்விட்டது. உலகத்துக்கு ரப்பர் கொடுத்துக்கொண்டிருந்த தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே அடியில் எதிரியின் பக்கம் சேர்ந்தது. மிச்சம் இருந்தவை இலங்கையும் நம்முடைய திருவிதாங்கூர் பக்கத்துத் தோட்டங்களும் போல ஒரு சில இடங்கள்தான். கிடைத்த ரப்பர் ராணுவ லாரிகளுக்கே போதவில்லை. பொதுமக்களுக்குப் பெட்ரோலும் ரேஷன், டயரும் ரேஷன். பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு மாதிரி ஒரு டிரம்மைக் கட்டி, கரி வாயுவில் ஓட்டிய காலம் அது. அந்த கேஸ் பிளாண்டை மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமே தயாரித்து விற்றது. வயதானவர்களுக்கு அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கும்.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தைப் பற்றி மதுரைக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். அப்போது சாலையெங்கும் மாட்டு லாடமும் குதிரை லாடமும் உதிர்த்த ஆணிகள். பஸ்ஸுக்கு ஓயாமல் பஞ்சர். அவர் ஒரு வண்டியில் பெரிய காந்தத்தைக் கட்டி, பஸ் போகும் பாதையில் முன்னால் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தாராம். இந்தக் கதையைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை தெரியும். "டயரைக் காப்பாத்தத் தெரிஞ்சவன்தான் வண்டி வச்சிருக்கணும்" என்று முடிப்பார்.

யுத்தம் நம்மவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு தொழில் ரீட்ரேடிங். லாரிக்காரர்கள் ரீபட்டன் என்பார்கள். டயரில் தேய்வது ரோட்டில் படும் மேல்தோல் மட்டும்தான். உள்ளே இருக்கும் நூல்கட்டு, அதாவது கேஸிங், நன்றாக இருந்தால் மேலே புதுத் தோல் போட்டுக்கொள்ளலாம். முதலில் டயரின் உள்ளும் புறமும் கையால் தடவி, வெட்டு, வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மிச்சம் இருக்கும் பட்டனைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ரப்பர் சொல்யூஷன் பூசி, பச்சை ரப்பர் பட்டையைச் சுற்றுவார்கள். அந்தப் பட்டைக்குக் கேமல்பேக் என்று பெயர். அப்படியே இரும்பு அச்சுக்குள் வைத்து நீராவியில் வேக வைத்தால் புது பட்டன் பதிந்த டயர் வெளியே வரும். ஒரு இட்லிப்பானை வேலைதான். ஆனால் அழுத்தமும் சூடும் நேரமும் கொஞ்சம் பிசகினால், போட்ட தோல் ஓடும்போது கழன்று விழும்.

இதே தொழிலில் இருந்துதான் நம் மாநிலத்தின் பெரிய டயர் கம்பெனி பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952ல் ரீட்ரேடுக்கான ரப்பரைத் தயாரிக்க இறங்கினார். நாலே வருடத்தில் இந்தியாவின் ட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி அவர் கையில் இருந்தது. அதன் பிறகுதான் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு தொழில்நுட்ப உடன்பாடு செய்து, 1961ல் எம்.ஆர்.எஃப். தன் முதல் டயரை வெளியே கொண்டுவந்தது. டன்லப் அதற்கு வெகு முன்பே, 1936லேயே, வங்காளத்தில் சாஹாகஞ்சில் தொழிற்சாலை போட்டுவிட்டது. பிறகு நம் அம்பத்தூரிலும் அவர்கள் ஆலை வந்தது. எங்கள் வீட்டில் டன்லப் என்றால் வெளியூர் மாப்பிள்ளை, எம்.ஆர்.எஃப். என்றால் நம்ம ஊர்ப் பையன். இரண்டுக்கும் மரியாதை உண்டு. எது அன்றைக்கு விலை குறைவோ அது வீட்டுக்கு வரும்.

அப்பாவின் நோட்டின் கடைசி அட்டையில் அவரே எழுதி வைத்த விதிகள் நாலு.

ஒன்று, புது டயர் முன் சக்கரத்துக்கு, ரீட்ரேட் டயர் பின் சக்கரத்துக்கு. முன்னால் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும்.

இரண்டு, ஒரு டயருக்கு ஒரு தடவைதான் ரீட்ரேட். இரண்டாவது தடவை கேட்டால் அது பேராசை.

மூன்று, வெளியூர் கிளம்பும் முன் காற்றைப் பார்க்காமல் சாமியைக் கும்பிடக் கூடாது.

நாலு, ஸ்டெப்னியை மறக்காதே. அதற்கும் காற்று வேண்டும்.

ஸ்டெப்னி என்ற சொல்லின் கதை தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஒரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. அந்தத் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். அதற்குத் தெருவின் பெயரையே வைத்தார்கள். அந்தச் சக்கரம் எப்போதோ வழக்கொழிந்து போனது. இங்கிலாந்துக்காரனும் அந்தச் சொல்லைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டான். நம் ஊர் மெக்கானிக் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஃபியட்டில் நாங்கள் பதினாறு வருடம் போனோம். பழனி, கொடைக்கானல், திருச்செந்தூர், ஒரு தடவை குருவாயூர். எழுபதுகளில் நைலான் நூல் டயர்கள் கார்களுக்கு வந்தன. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் முதல் ஒரு மைலுக்கு டயர் தடதடவென்று அடிக்கும். தரையில் பட்ட இடம் தட்டையாகி, ஓடிச் சூடேறிய பிறகுதான் உருண்டைக்கு வரும். "டயர் தூக்கம் கலையுது" என்பார் அப்பா. மூன்று ரீட்ரேட் டயர்கள் தோல் உரிந்தன. ஒரு தடவை திருமங்கலம் அருகே உரிந்த தோல் மட்கார்டில் படபடவென்று அடிக்க, அம்மா சுவாமி பெயரைச் சொல்லிக் கத்திவிட்டாள். ஆனால் ஒரு தடவை கூட யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. வண்டி ஓடியதே மணிக்கு நாற்பத்தைந்து, ஐம்பது கிலோமீட்டரில்தான். மாட்டு வண்டியும் ஆட்டு மந்தையும் சாலையில் இருக்கும்போது அதற்கு மேல் எங்கே போவது?

அப்பாவுடைய சிக்கனம் சரியாகவே வேலை செய்தது. அவருடைய சாலைக்கும் அவருடைய வேகத்துக்கும் அவருடைய டயருக்கும் அது பொருத்தமான சிக்கனம். டயர் அவரிடம் வயதாகும் அளவுக்கு நின்றதே இல்லை. இரண்டு, மூன்று வருடத்தில் தேய்ந்துவிடும். அதனால் டயரின் ஆயுளைப் பட்டனை வைத்தே அளந்தார். தேய்ந்த டயரும் வீணாகாது. செருப்பு தைப்பவர் வாங்கிப் போவார். அந்த டயர் செருப்பு போட்டவர்களுக்கு அதன் உழைப்பு தெரியும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நம் வாழ்க்கையில் அது செய்த மாற்றங்களைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். டயர் விஷயத்தில் அந்தக் காலத்தில்தான் ரேடியல் என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. பிரான்சில் மிஷ்லின் கம்பெனி 1946லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. நம்மிடம் பரவலாக வந்து சேர நாற்பது வருடம் ஆனது.

பழைய டயரில் நூல்கட்டு குறுக்கும் நெடுக்குமாக, கட்டில் கயிறு பின்னியது போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ரேடியலில் நூல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகும். அதன் மேல் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை ஒன்று சுற்றியிருக்கும். அதனால் பக்கச் சுவர் மெல்லியதாக வளைந்து கொடுக்கும், பட்டன் மட்டும் ரோட்டில் தட்டையாகப் படியும். சூடு குறைவு, தேய்மானம் குறைவு, பெட்ரோலும் மிச்சம். பழைய டயர் இரண்டு தேயும் தூரத்தை ஒரு ரேடியல் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னபோது அப்பா நம்பவில்லை. அனுபவத்தில் அது உண்மைதான்.

கார் டயருக்கு ரீட்ரேட் போடுவது அதன் பிறகு மெல்ல மறைந்தது. புது டயரே நீண்ட நாள் உழைக்கிறது, வேகமும் கூடிவிட்டது, இனி யார் ரீட்ரேட் தேடுவார்கள்? லாரிக்கும் பஸ்ஸுக்கும் அந்தத் தொழில் இன்றைக்கும் நன்றாகவே நடக்கிறது. அவர்களுடைய டயரின் கேஸிங் அதற்கென்றே கனமாகச் செய்யப்பட்டது.

இனி என் கதை. 2007 ஆகஸ்டில் ஒரு சாண்ட்ரோ வாங்கினேன். சைஸ் 155/70 ஆர் 13. அப்பாவின் நோட்டிலேயே அடுத்த பக்கத்தில் என் கணக்கைத் தொடங்கினேன். 2012ல் ஓய்வு பெற்ற பிறகு வண்டிக்கு வேலை குறைந்தது. ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம். மற்ற நாளெல்லாம் வாசல் வேப்பமரத்தடியில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் நிற்கும். 2016 வரை மொத்தம் முப்பத்தோராயிரம் கிலோமீட்டர்தான். பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. பக்கச் சுவரில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. நம் முகத்திலும் தெரிகிறதே என்று விட்டுவிட்டேன். அப்பாவின் விதிப்படி, நாலில் நல்ல இரண்டை முன்னால் மாட்டியிருந்தேன்.

2016 மே மாதம், திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். நானும் மனைவியும் மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும். சாமான் வேறு. அன்றைக்குக் காற்றுப் பார்க்கவில்லை, நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். சாத்தூர் தாண்டி, நாலு வழிச்சாலையில், பகல் பதினொன்றரை மணி வெயில். வேகம் தொண்ணூறு. பின்னால் இடது பக்கம் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். வண்டியின் பின்பாகம் தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது. ஆனால் வண்டி அதைக் கேட்கவில்லை. நடுத்திட்டில் உரசி, பாதி திரும்பி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டு, சரியாக எங்களுக்குப் பத்தடி பின்னால் நிறுத்தினார். அந்தப் பத்தடிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. மனைவிக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். இன்றைக்கும் தீபாவளிக்கு முறுக்கு உரலை அவளால் அழுத்த முடியாது. மாவைப் பிசைந்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். நான் பேசாமல் போய் அழுத்துவேன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த லாரி டிரைவர் கூடவே இருந்தார். குனிந்து மற்ற டயரைப் பார்த்தார். பக்கச் சுவரைக் கட்டை விரலால் அழுத்தினார். கோடுகள் வாய் பிளந்தன. "பட்டனைப் பார்த்து ஏமாந்துட்டீங்கய்யா. இது கிழட்டு டயர்" என்றார். டயரின் பக்கத்தில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண்களைக் காட்டினார்: 2707. "2007ஆம் வருஷம், இருபத்தேழாவது வாரம். ஒம்பது வருஷம் ஆச்சு." நாற்பது வருடமாக டயர்க் கணக்கு எழுதும் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த நாலு எண்ணின் அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரப்பர் ஓடினால் தேயும், நின்றால் வயதாகும். வெயிலும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை மெல்ல மெல்ல இறுகவும் வெடிக்கவும் வைக்கின்றன. டயர் ரப்பரில் இதைத் தடுக்க மெழுகு போன்ற பொருட்களைச் சேர்க்கிறார்கள். வண்டி ஓடி டயர் வளைந்து கொடுக்கும்போது அது மேலே வந்து ஒரு படலமாக மூடுகிறது. நின்றே கிடக்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பும் சரியாகக் கிடைப்பதில்லை. உடம்பை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகுவது போலத்தான். காற்றுக் குறைவு, ஐந்து பேர் பாரம், மே மாதத் தார்ச்சாலை, தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் எல்லாம் சேர்ந்து அந்தக் கிழட்டு டயரை முடித்தன. இதில் என் பிழை எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பிறகு தெரிந்துகொண்டேன். நல்ல டயரை முன்னால் போடு என்ற அப்பாவின் விதி இன்றைக்குத் தலைகீழாகிவிட்டது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால்தான் மாட்டச் சொல்கிறார்கள் டயர் கம்பெனிகள். முன் சக்கரம் பிடி விட்டால் வண்டி நேரே போகும், காலை எடுத்தால் ஓரளவு அடங்கும். பின் சக்கரம் பிடி விட்டால் வண்டி சுழலும். நம்மைப் போன்றவர்களால் அதை அடக்க முடியாது.

சரி, நண்பரோடு கடைக்குப் போன கதைக்கு வருகிறேன். அவருடைய வண்டி 2016 ஸ்விஃப்ட். சைஸ் 165/80 ஆர் 14, அதன் பக்கத்தில் 85 டி. இதைப் படிப்பது சுலபம். 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை போகலாம். நமக்கு அதில் பாதி போதும்.

கடையில் முதலில் காட்டியது 165/70 ஆர் 14, 81 டி. "இதுவும் ஆர் 14தான் சார், அப்படியே மாட்டிக்கலாம், ஒரு டயருக்கு நானூறு ரூபாய் கம்மி." ரிம்மில் அது உட்காரும், உண்மைதான். ஆனால் 81 என்றால் 462 கிலோதான். சக்கரத்தின் உயரமும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், வண்டியின் வயிறு வேகத்தடையில் இடிக்கும். வேண்டாம் என்றோம்.

அடுத்தது சரியான சைஸ், நல்ல கம்பெனி, பெரிய தள்ளுபடி. நண்பரின் முகம் மலர்ந்தது. நான் கைப்பேசி விளக்கைப் போட்டுப் பார்த்தேன்: 1121. 2021ஆம் வருடம் மார்ச் மாதத்து டயர். பளபளவென்றுதான் இருந்தது. நாலரை வருடம் குடோனில் இருந்ததற்குத்தான் அந்தத் தள்ளுபடி. வருடத்துக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் டாக்ஸிக்காரருக்கு அது லாபமாக இருக்கலாம். வருடத்துக்கு இரண்டாயிரம் ஓட்டும் நம் நண்பருக்கு, ஆயுளில் பாதி போன பொருள்.

மூன்றாவது ஒரு வெளிநாட்டுப் பெயர். அறுபதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும், சத்தம் வராது என்றார் கடைக்காரர். இருக்கலாம். இங்கேதான் நம் வங்கி அதிகாரிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "அறுபதாயிரம் ஓட்ட உங்களுக்கு முப்பது வருஷம் வேணும் சார். டயர் ஆறேழு வருஷத்துல வயசாகிடும். அதுக்குள்ள நீங்க ஓட்டப்போறது பன்னிரண்டு, பதினாலாயிரம். மிச்சத்துக்கு எதுக்குக் காசு?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "டெபாசிட் முதிர்வுத் தேதிக்கு முன்னால கஸ்டமரே முதிர்ந்துடுவார்" என்றார்.

கடைசியில் வாங்கியது, நம் நாட்டுக் கம்பெனியின் சாதாரண டயர். அதே சைஸ், அதே 85 டி, ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்து மூன்று மாதம்கூட ஆகாதது. ஒன்று ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. 2025 செப்டம்பர் 22லிருந்து டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அது பில்லில் சரியாக இருக்கிறதா என்று நண்பர் தாமே கூட்டிப் பார்த்தார். புது வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் மூன்றையும் செய்யச் சொன்னோம். கழற்றிய பழைய டயர்களை அவர்கள் எடுத்துக்கொள்வதற்கு முன், பக்கச் சுவரில் கத்தியால் கீறிவிடச் சொன்னேன். பட்டன் நன்றாக இருக்கும் கிழட்டு டயர் செகண்ட் ஹேண்டாக இன்னொரு குடும்பத்தின் வண்டிக்குப் போய்விடக் கூடாது. கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கீறினார்.

ஸ்டெப்னியும் 2016 டயர்தான், ஒரு நாளும் தரையில் படாதது. அதை நண்பர் மாற்றவில்லை. பக்கத்துப் பஞ்சர் கடை வரை மெதுவாக உருட்டிப்போக மட்டும்தான் அது என்று ஒரு சீட்டு எழுதி டிக்கியில் ஒட்டியிருக்கிறார். அடுத்த மாத பென்ஷனில் அதையும் மாற்றுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நிறைய ஓட்டுபவர்களுக்குப் பட்டன்தான் இன்றும் முக்கியம். பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும், பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்றோ முக்கோணமாகவோ அதற்கு அடையாளம் போட்டிருப்பார்கள். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே கார் ஓட்டுவது மோட்டார் வாகன விதிப்படியே தவறு. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றுவது புத்தி. நம்மைப் போல் வண்டியை நிறுத்தி வைத்துக் கும்பிடுபவர்கள் தேதியைப் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் ஆனதும் வருடா வருடம் ஒரு நல்ல கடையில் காட்டுங்கள். பட்டன் எப்படி இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று பெரிய டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு நான் ஆறேழு வருடத்திலேயே மாற்றிவிடுகிறேன்.

அப்பா இருந்திருந்தால், பட்டன் தேயாத டயரைக் கத்தியால் கீறச் சொன்ன மகனைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். முதலில் திட்டியிருப்பார். பிறகு சாத்தூர் கதையைக் கேட்டுவிட்டு, பேனாவை எடுத்து நோட்டின் கடைசி அட்டையில் தன் விதிகளைத் திருத்தியிருப்பார். கணக்கு மாறினால் மாற்றி எழுதத் தயங்காத மனிதர் அவர்.

அந்தத் திருத்தத்தை இப்போது நானே எழுதி வைத்திருக்கிறேன். முதல் விதியை அடித்து, "புது டயர் பின்னால்" என்று எழுதினேன். மூன்றாவதையும் நாலாவதையும் தொடவில்லை. ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன்: "நாலு எண்ணைப் படி."

நீங்களும் இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் வண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். அந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், சில சமயம் உட்புறமாகப் போயிருக்கும். முன் சக்கரமானால் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டால் தெரியும். பின் சக்கரத்துக்குக் குனிய வேண்டும். முட்டி வலித்தால் பேரனைக் கூப்பிடுங்கள். அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

வாசலில் மனைவி கூப்பிடுகிறாள். முறுக்கு மாவு தயாராகிவிட்டதாம்.